‘படித்தாயிற்று’ என்று யார் சொல்ல வேண்டும்?

ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பிய அனுபவம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நிச்சயம் இருக்கும். மயிலாப்பூர் கச்சேரி சாலை அஞ்சலகமானாலும் சரி, சிற்றூர்க் கிளை அஞ்சலகமானாலும் சரி, முறை ஒன்றுதான். கடித உறையோடு ஒரு சிறிய அட்டையையும் இணைத்து அனுப்புவார்கள். உறையைப் பெற்றுக்கொள்பவர் அட்டையில் கையெழுத்திட்டுத் தேதி போடுவார். அந்த அட்டை அனுப்பியவருக்கே திரும்பி வரும். நம் நாட்டில் 2025-இல் பதிவுத் தபால், விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆயினும் கடிதம் சேர்ந்ததற்குச் சான்று பெறும் வழக்கம் மறையவில்லை. விரைவுத் தபாலிலும் அதற்கு வசதி உண்டு.

அலுவலகங்களில் இதே வேலையைத் தபால் புத்தகம் செய்கிறது. தியாகராய நகர் அலுவலகத்திலிருந்து அடையாறு அலுவலகத்துக்கு ஒரு கடிதத்தைக் கையோடு கொண்டுபோகும் ஊழியர், கடிதத்தைக் கொடுத்ததும் புத்தகத்தை நீட்டுவார். அங்கே உள்ளவர் கையெழுத்திட்டு முத்திரை வைத்துக் கொடுப்பார்.

இந்தக் கையெழுத்து நமக்குச் சொல்வது என்ன? ‘இந்த நாளில், இந்த முகவரியில், இன்னார் கையில் உறை சேர்ந்தது’ என்பதை மட்டுமே சொல்கிறது. உறை எப்போது பிரிக்கப்பட்டது, பிரித்தவர் அப்போது எங்கே இருந்தார், எத்தனை முறை படித்தார் என்பன போன்ற செய்திகள் அதில் இல்லை. அவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று அனுப்பியவரும் எதிர்பார்த்ததில்லை.

மின்னஞ்சலில் நிலைமை வேறு. அங்கே, உறை பிரிக்கப்பட்ட நொடியையே அனுப்பியவருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ‘ரீட் ரெசீட்’ என்று வழங்கும் அதனை நாம் ‘வாசிப்பு ஒப்புகை’ என்று அழைக்கலாம். அது எவ்வாறு இயங்குகிறது, எதை மெய்ப்பிக்கிறது, எதை நம்மிடமிருந்து எடுத்துச் செல்கிறது, வேலை செய்யும் இடத்தில் அதனை எவ்வாறு கையாள வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கடிதம் செல்லும் வழி

தியாகராய நகரில் ஒருவர் தம் கணிப்பொறியில் கடிதம் எழுதி ‘அனுப்பு’ என்ற பொத்தானை அழுத்துகிறார். கடிதம் நேரே அடையாற்றில் உள்ள நண்பரின் கணிப்பொறிக்குப் போய்விடுவதில்லை. முதலில் அனுப்பியவரின் அஞ்சல் வழங்கிக்குச் செல்கிறது. இது ஓர் அஞ்சலகம் போன்றது. அங்கிருந்து, பெறுபவரின் கணக்கு உள்ள மற்றோர் அஞ்சல் வழங்கிக்குப் போய்ச் சேர்கிறது. நண்பர் தம் பெட்டியைத் திறந்து பார்க்கும் வரை கடிதம் அங்கேயே காத்திருக்கும்.

ஒரு வழங்கி மற்றொரு வழங்கியோடு எந்த ஒழுங்கில் பேச வேண்டும் என்பதற்கான விதிமுறையை 1982-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்டார். ‘எஸ்.எம்.டி.பி.’ என்பது அதன் பெயர். பலமுறை திருத்தப்பட்டு இன்றும் அது வழக்கில் இருக்கிறது. நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘எர்நெட்’ என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பில், அடையாற்றுக்கு அருகிலுள்ள சென்னை ஐ.ஐ.டி.யும் தொடக்கத்திலேயே பங்குகொண்டது. பொதுமக்களுக்கான இணைய இணைப்பு 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது.

ஆக, ஒரு மின்னஞ்சலின் வாழ்வில் மூன்று கட்டங்கள் உள்ளன. ஒன்று, பெறுபவரின் வழங்கிக்கு அது வந்து சேர்தல். இரண்டு, அது திரையில் திறக்கப்படுதல். மூன்று, அதனை ஒருவர் படித்துப் புரிந்துகொள்ளுதல். இந்த மூன்றும் வெவ்வேறானவை என்பதை நினைவில் வையுங்கள்.

முதற்கட்டத்துக்கு உரிய ஒப்புகை ‘டெலிவரி ரெசீட்’, அதாவது சேர்ப்பு ஒப்புகை. இதற்கான விதிகள் 1996-இல் வகுக்கப்பட்டன. இதனைத் தருவது அஞ்சல் வழங்கி. பெறுபவருக்கு இதில் வேலையில்லை. தவறான முகவரிக்கு எழுதிவிட்டால் ‘சேர்க்க இயலவில்லை’ என்று ஒரு செய்தி திரும்பி வருகிறதல்லவா? அதுவும் இந்த வகையைச் சேர்ந்ததே. இரண்டாம் கட்டத்துக்கு உரியது வாசிப்பு ஒப்புகை. இதற்கான விதிகள் 1998-இல் வந்தன. 2004-இலும் 2017-இலும் திருத்தப்பட்டன. மூன்றாம் கட்டத்துக்கு எந்த ஒப்புகையும் இல்லை. ஒருவர் படித்ததையும் புரிந்துகொண்டதையும் அறியும் கருவி எந்தக் கணிப்பொறியிலும் இல்லை.

கேட்பதும் கொடுப்பதும்

மின்னஞ்சலின் மேற்பகுதியில், நம் கண்ணுக்குப் பெரும்பாலும் காட்டப்படாத சில வரிகள் உண்டு. அனுப்பியவர், பெறுபவர், நேரம், கடந்துவந்த வழங்கிகள் முதலிய விவரங்கள் அவற்றில் இருக்கும். இவற்றைத் தலைப்பு வரிகள் என்பர். அனுப்புபவர் வாசிப்பு ஒப்புகை வேண்டும் என்று குறித்தால், அவருடைய செயலி ‘டிஸ்போசிஷன்-நோட்டிஃபிகேஷன்-டு’ என்ற ஒரு தலைப்பு வரியைச் சேர்த்துவிடும். ‘இக்கடிதம் என்ன ஆயிற்று என்பதை இந்த முகவரிக்குத் தெரிவிக்கவும்’ என்பது அதன் பொருள்.

இது ஒரு வேண்டுகோள்தான், கட்டளை அன்று. கடிதம் திறக்கப்படும்போது பெறுபவரின் செயலி இந்த வரியைப் பார்க்கிறது. ‘அனுப்பியவர் ஒப்புகை கேட்கிறார், அனுப்பலாமா?’ என்று திரையில் ஒரு கேள்வி தோன்றுகிறது. ‘சரி’ என்றால், கடிதம் எப்போது திறக்கப்பட்டது என்ற விவரத்துடன் ஒரு சிறு மின்னஞ்சல் தானாகவே உருவாகி அனுப்பியவருக்குப் போகிறது.

இவ்விதிகளை வகுத்தவர்கள் பெறுபவரின் அந்தரங்கத்தை எண்ணிப் பார்த்தே வகுத்திருக்கிறார்கள். பெறுபவரின் அனுமதியின்றி ஒப்புகை அனுப்பக் கூடாது என்பது முக்கியமான விதி. அனுமதியை ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெறலாம். முன்கூட்டியே ஒரே தடவை அமைத்தும் வைக்கலாம். 1998-ஆம் ஆண்டு விதிகளில் ‘பெறுபவர் மறுத்துவிட்டார்’ என்று தெரிவிக்கும் ஒரு வகையும் இருந்தது. 2004-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதனை நீக்கிவிட்டார்கள். ஆதலால் நீங்கள் ‘வேண்டாம்’ என்றால், அந்த மறுப்பும் அனுப்பியவருக்குத் தெரியாது. நீங்கள் கடிதத்தை இன்னும் திறக்கவில்லையா, திறந்தும் ஒப்புகை தரவில்லையா, உங்கள் செயலியில் அந்த வசதியே இல்லையா என்பதை அவரால் பிரித்தறிய இயலாது. உங்கள் மௌனத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்ற இந்த நிலையே உங்களைக் காக்கும் வேலி.

மற்றுமொரு சுவையான விதியும் உண்டு. ஒப்புகைக்கு ஒப்புகை கேட்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது. ஏன்? இரு கணிப்பொறிகள் ‘உங்கள் ஒப்புகை கிடைத்தது’, ‘அது கிடைத்ததென்ற உங்கள் ஒப்புகையும் கிடைத்தது’ என்று மாற்றி மாற்றிச் சொல்லத் தொடங்கினால் அது முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும் அல்லவா?

ஒப்புகை எதை மெய்ப்பிக்கிறது?

வாசிப்பு ஒப்புகை ஒன்று வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெறுபவர் கடிதத்தைப் படித்துவிட்டார் என்று உறுதியாகக் கூற இயலுமா? இயலாது.

முதலாவது, பல செயலிகளில் கடிதப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே முன்னோட்டப் பகுதி ஒன்று உண்டு. பட்டியலில் கீழிறங்கிச் செல்லும்போது ஒரு கடிதம் அப்பகுதியில் சில நொடிகள் தங்கினாலே அது ‘படித்தது’ ஆகிவிடலாம். இரண்டாவது, அதிகாரியின் அஞ்சல் பெட்டியை அவருடைய உதவியாளர் திறந்து பார்க்கும் வழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. ஒப்புகை அதிகாரியின் பெயரில் போகும், படித்தவர் வேறொருவர். மூன்றாவது, சாதாரண ஒப்புகை என்பது வெறும் எழுத்தாலான மின்னஞ்சல். எவரும் அதுபோல் ஒன்றைப் பொய்யாக எழுதி அனுப்பிவிடலாம். நான்காவது, ஒப்புகை வராததனால் கடிதம் படிக்கப்படவில்லை என்றும் கூற இயலாது.

பொய் ஒப்புகையைத் தடுக்க ஒரு வழி உண்டு. 1999-இல் வெளியான விதிமுறை ஒன்று ‘கையொப்பமிட்ட ஒப்புகை’ என்பதை வகுத்தது. ‘எஸ்.மைம்’ என்னும் பாதுகாப்பான அஞ்சல் முறையைச் சேர்ந்தது அது. அதன் தத்துவத்தை எளிதாக விளக்கலாம்.

இம்முறையில் ஒவ்வொருவரிடமும் இரண்டு சாவிகள் உண்டு. சாவி என்பது இங்கே மிகப் பெரிய எண்களால் ஆனது. ஒன்று தனிச் சாவி. உரியவரிடம் மட்டுமே இருக்கும். மற்றொன்று பொதுச் சாவி, யாருக்கும் தரலாம். தனிச் சாவியால் இடப்பட்ட கையொப்பத்தைப் பொதுச் சாவியைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம். ஆனால் பொதுச் சாவியைக் கொண்டு அதே கையொப்பத்தை உண்டாக்க இயலாது. கையொப்பம் இடுமுன், கடிதம் முழுவதையும் ஒரு கணக்கு முறையால் சுருக்கி ஒரு சிறிய எண்ணாக்குகிறார்கள். கடிதத்தில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் இந்தச் சுருக்க எண் அடியோடு மாறிவிடும். ஆகவே கையொப்பம் அந்த ஒரு கடிதத்துக்கு மட்டுமே பொருந்தும். நம் நாட்டில் இத்தகைய மின்னணுக் கையொப்பத்துக்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சட்ட ஏற்பு அளித்துள்ளது.

அனுப்பியவர் கையொப்பமிட்ட கடிதத்தைப் பெறுபவரின் செயலி முதலில் சரிபார்க்கிறது. பிறகு, ‘இந்தக் கடிதம் இங்கே வந்தது, அதன் கையொப்பம் சரியாக இருந்தது’ என்ற ஒப்புகையைப் பெறுபவரின் தனிச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்புகிறது. இந்த ஒப்புகையைப் பொய்யாக உண்டாக்குவது மிக அரிது. ஆனால் இதுவும் எதனை உறுதி செய்கிறது என்று பாருங்கள். கடிதம் பழுதின்றி வந்து சேர்ந்தது என்பதைத்தான். ஒருவர் அதைப் படித்துப் பொருள் உணர்ந்தார் என்பதற்கு இதுவும் சான்றாகாது.

எஸ்.மைம் முறையில் கடிதத்தைப் பூட்டியும் அனுப்பலாம். ‘பூட்டி அனுப்பினால் எல்லாமே இரகசியம்தானே?’ என்று சிலர் எண்ணுவர். பூட்டப்படுவது கடிதத்தின் உட்பகுதி. யார், யாருக்கு, எப்போது அனுப்பினார் என்ற தலைப்பு வரிகள் பொதுவாக வெளியேதான் இருக்கும். பூட்டிய பெட்டியின்மேல் ஒட்டிய முகவரிச் சீட்டை வழியில் உள்ளவர்கள் படிப்பது போலத்தான் இது.

ஒப்புகை எதைச் சொல்லிவிடுகிறது?

அனுப்பியவர் எண்ணுவதைவிடக் குறைவாகவே மெய்ப்பிக்கும் இந்த ஒப்புகை, பெறுபவர் எண்ணுவதைவிட மிகுதியாக வெளியே சொல்லிவிடுகிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

அடையாறு காந்தி நகரில் குடியிருக்கும் ஒரு பெண்மணி தியாகராய நகர் அலுவலகம் ஒன்றில் கணக்கராக வேலை பார்க்கிறார் என்று கொள்வோம். ஞாயிறு இரவு பத்து மணிக்கு மேலாளர் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார். குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து முடித்துவிட்டுக் கைப்பேசியை எடுத்த கணக்கர், பத்தேகாலுக்கு அதனைத் திறந்துவிடுகிறார். ஒப்புகை தானாகப் போய்விடுகிறது. மறுநாள் காலை அவர் நாற்காலியில் அமர்வதற்குள் கேள்வி வருகிறது: “நேற்று ராத்திரி பத்தேகாலுக்கே பார்த்துட்டீங்களே மேடம், ஏன் பதில் போடலை?”

இதற்கு அவர் என்ன பதில் சொல்வார்? ஞாயிற்றுக்கிழமை இரவு அவருடைய சொந்த நேரம். அவர் கடிதத்தைத் திறந்தது குற்றமன்று. பதில் எழுதாததும் குற்றமன்று. ஆனால் ஒப்புகை என்ற ஒரு சிறு சீட்டு, அவரைக் காரணம் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளிவிட்டது. அடுத்த ஞாயிறு அவர் என்ன செய்வார்? ஒன்று, இரவிலேயே பதில் எழுதுவார். அல்லது கடிதத்தைத் திறக்கவே அஞ்சுவார். இரண்டினாலும் வேலைக்கு நன்மையில்லை.

ஒரே ஓர் ஒப்புகை பெரிய செய்தி ஆகாது. ஆனால் ஒரு மாதத்து ஒப்புகைகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். அவர் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார், மதிய உணவுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார், மருத்துவ விடுப்பில் இருந்த நாள்களில் எப்போதெல்லாம் கைப்பேசியைப் பார்த்தார், யாருடைய கடிதத்தை உடனே திறக்கிறார், யாருடையதைத் தள்ளிப்போடுகிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இவற்றில் எதையும் அவர் வாய்திறந்து யாரிடமும் சொன்னதில்லை.

கண்ணுக்குத் தெரியாத புள்ளி

வாசிப்பு ஒப்புகை அனுமதி கேட்கிறது. கேட்காமலே வேலை செய்யும் மற்றொரு முறையும் உண்டு. அதற்குத் ‘டிராக்கிங் பிக்சல்’ என்று பெயர். பின்தொடர் புள்ளி எனலாம்.

1920-க்கு 1080 என்ற அளவுள்ள ஒரு கணிப்பொறித் திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. அவற்றுள் ஒரே ஒரு புள்ளி அளவுள்ள, நிறமற்ற படம் ஒன்றை மின்னஞ்சலில் வைத்துவிடுகிறார்கள். அந்தப் படம் கடிதத்தோடு வருவதில்லை. அது எங்கோ ஒரு வழங்கியில் இருக்கிறது. அதன் முகவரி மட்டுமே கடிதத்தில் இருக்கிறது. அந்த முகவரியில், உங்களுக்கென்றே ஒதுக்கிய ஓர் எண்ணும் சேர்ந்திருக்கும். நீங்கள் கடிதத்தைத் திறந்ததும், படத்தைக் காட்ட வேண்டி உங்கள் செயலி அந்த வழங்கியிடம் போய் ‘படத்தைக் கொடு’ என்று கேட்கிறது. அந்த வழங்கி நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. உங்கள் இணைய முகவரி எண், எவ்வகைக் கருவி, எந்தச் செயலி என்பனவும் பதிவாகலாம். அலுவலக இணைப்பும் வீட்டு இணைப்பும் பொதுவாக வெவ்வேறு எண்கள் உடையவை. ஆதலால் நீங்கள் மயிலாப்பூர் அலுவலகத்தில் இருந்து திறந்தீர்களா, அடையாற்று வீட்டிலிருந்து திறந்தீர்களா என்பதைக்கூட ஊகிக்க இடமுண்டு.

இதனைத் தடுக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. 2013 டிசம்பரில் ஜிமெயில், கடிதங்களில் உள்ள படங்களைத் தன் வழங்கிகளின் வழியாகவே பெற்றுத் தரத் தொடங்கியது. அதனால் பெறுபவரின் இணைய முகவரி எண் மறைக்கப்படுகிறது. ஆனால் திறந்த நேரம் தெரிய இன்னும் வாய்ப்புண்டு. 2021-இல் ஆப்பிள் நிறுவனம், பெறுபவர் கடிதத்தைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும் வசதியைத் தன் அஞ்சல் செயலியில் சேர்த்தது. இதன்பின், ‘திறக்கப்பட்டது’ என்று கணக்கில் பதிவாவதில் ஒரு பகுதி மனிதர் எவரும் திறக்காதவையே. வேவு பார்க்கும் கருவியின் கணக்கே நம்பத் தகாததாகிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

‘ஒப்புகையை நிறுத்திவைத்தால், கடிதமே வரவில்லை என்று சாதிக்கலாம் போலிருக்கிறதே!’ என்று யாராவது எண்ணினால் அது தவறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இதனைத் தெளிவாக்குகிறது. இரு தரப்பாரும் வேறு விதமாக உடன்பட்டிருந்தாலன்றி, பெறுபவர் குறித்துக் கொடுத்த கணிப்பொறி அமைப்புக்குள் செய்தி நுழைந்த நேரமே அது பெறப்பட்ட நேரமாகும். நீங்கள் அதைத் திறந்தீர்களா என்பது அங்கே கேள்வியே அன்று. தாள் கடிதத்துக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, சரியான முகவரியிட்டு முறைப்படி பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, சேர்ந்ததாகவே கொள்ளப்படும்.

ஒப்புகையைப் பற்றிச் சொல்வது 12-ஆம் பிரிவு. இன்ன வடிவில்தான் ஒப்புகை வேண்டும் என்று அனுப்பியவர் குறிப்பிடாவிட்டால், பெறுபவரின் எந்தத் தகவலும், கணிப்பொறி தானாக அனுப்பியதாயினும், ஒப்புகையாகும். செய்தி கிடைத்தது என்பதைக் காட்டும் அவருடைய நடத்தையும் போதுமானது. நீங்கள் எழுதும் ஒரு வரிப் பதிலே முழுமையான ஒப்புகை என்பதை இதனால் அறியலாம்.

வாட்ஸ்அப்பில் 2014 நவம்பரில் வந்த நீல நிறக் குறிகளை நீங்கள் அறிவீர்கள். 2018 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், வாட்ஸ்அப் மூலம் அனுப்பிய அறிவிப்பு சேர்ந்ததோடு திறக்கவும்பட்டது என்பதற்கு அக்குறிகளைச் சான்றாக ஏற்றுக்கொண்டது. ஆகவே இவை விளையாட்டுக் குறிகள் அல்ல. சான்றாகக் கொள்ளத்தக்க ஒன்றை நாம் அறியாமலே நம் செயலி கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

மறுபுறம், அந்தரங்கம் அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-இல் எண்ம வடிவத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. வேலை தொடர்பான நோக்கங்களுக்காகவும், வேலை அளிப்பவரை இழப்பிலிருந்து காப்பதற்காகவும், ஊழியரின் தரவைத் தனி ஒப்புதல் இன்றியே கையாளவும் இச்சட்டத்தின் 7-ஆம் பிரிவு இடமளிக்கிறது. இதனால்தான் அலுவலகத்தில் இருப்பவர்கள், ‘சட்டம் பார்த்துக்கொள்ளும்’ என்று இருந்துவிடாமல், தம் கையிலுள்ள அமைப்புகளையும் அலுவலக நடைமுறையையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

நாம் செய்யத்தக்கவை

முதலில், பெறுபவர். உங்கள் மின்னஞ்சல் செயலியின் அமைப்புகளில் ‘ரெசீட்’ என்ற பகுதியைத் தேடிப் பாருங்கள். ‘எப்போதும் அனுப்பு’, ‘ஒருபோதும் அனுப்பாதே’, ‘ஒவ்வொரு முறையும் என்னைக் கேள்’ என்று மூன்று வழிகள் பெரும்பாலும் இருக்கும். மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. முக்கியமான அலுவலகக் கடிதத்துக்கு ‘சரி’ என்று சொல்லலாம், மற்றவற்றுக்கு மறுக்கலாம். ஜிமெயிலில் தனிநபர் கணக்குகளுக்கு இந்த ஒப்புகை வசதி இல்லை. அலுவலக, பள்ளிக் கணக்குகளுக்கு மட்டுமே, அதுவும் நிருவாகி அனுமதித்தால்தான் உண்டு.

அடுத்து, ‘வெளியிலிருந்து வரும் படங்களைத் தானாகக் காட்டாதே’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். பின்தொடர் புள்ளிக்கு இதுவே நேரடியான மருந்து. தேவையான கடிதத்தில் மட்டும் ‘படங்களைக் காட்டு’ என்று அழுத்திக்கொள்ளலாம். கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் தனித்தனியே இவற்றைச் சரிபார்க்க வேண்டும். ஒன்றில் செய்த மாற்றம் மற்றொன்றுக்குப் பொருந்தாமல் போகலாம்.

கடிதத்தைப் படிக்காமலே அழித்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். ஒப்புகையைத் தானாக அனுப்பும்படி விட்டிருந்தால், ‘படிக்கப்படாமல் அழிக்கப்பட்டது’ என்ற செய்தி சில செயலிகளிலிருந்து அனுப்பியவருக்குப் போய்விடும்.

இரண்டாவதாக, அனுப்புபவர். ஒப்புகை கேட்பதற்கு முன், ‘இதனால் எனக்குத் தெரிய வேண்டியது என்ன?’ என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். கடிதம் சேர்ந்ததா என்பது மட்டும் தெரிய வேண்டுமானால் சேர்ப்பு ஒப்புகை போதும். வேலை நடக்குமா என்று தெரிய வேண்டுமானால், கடிதத்தின் கடைசி வரியில் ‘புதன்கிழமை மாலைக்குள் ஒரு வரி பதில் எழுதவும்’ என்று கேட்பது சிறந்தது. சட்டச் சான்று வேண்டுமானால் கையொப்பமிட்ட முறையை நாடலாம். முந்நூறு பேருக்கு ஒரே சுற்றறிக்கையை அனுப்பி ஒப்புகையும் கேட்டால், முந்நூறு ஒப்புகைகள் வந்து உங்கள் பெட்டியையே அடைத்துக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவதாக, அலுவலகத்தின் அஞ்சல் நிருவாகி. வெளியாருக்கு ஒப்புகை தானாகப் போவதை நிறுத்தி வைப்பது பாதுகாப்புக்கும் உகந்தது. ஏனெனில், கண்டபடி முகவரிகளை ஊகித்து மோசடிக் கடிதம் அனுப்புவோருக்கு, ஓர் ஒப்புகை வந்தால் ‘இந்த முகவரியில் ஆள் இருக்கிறார், கடிதத்தைத் திறக்கவும் செய்கிறார்’ என்று தெரிந்துவிடும். அலுவலகத்துக்குள்ளேயும் ஒவ்வொரு முறையும் ஊழியரைக் கேட்கும்படி அமைப்பதே முறை. ஒப்புகைகளை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தக் கூடாது, எத்தனை நாள் வைத்திருந்து அழிக்க வேண்டும் என்பதை எழுத்து மூலம் அனைவருக்கும் தெரிவித்துவிடலாம். வேலை நேரத்துக்குப் பின் கடிதம் திறக்கப்பட்டதைக் காரணம் காட்டி எவரையும் கேள்வி கேட்பதில்லை என்ற ஒரு வரி அதில் இருந்தால், நாம் மேலே கண்ட கணக்கர் போன்றவர்கள் நிம்மதியாகக் கைப்பேசியை எடுக்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு சிறு சோதனை: உங்கள் பெட்டிக்கு வந்துள்ள விளம்பரக் கடிதம் ஒன்றின் மூல வடிவத்தைக் கணிப்பொறியில் திறந்து பாருங்கள். பல செயலிகளில் ‘மூலத்தைக் காட்டு’ என்ற வசதி உண்டு. அகலம் 1, உயரம் 1 என்று குறித்த படம் ஏதேனும் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். சில கடிதங்களின் மூலம் குறிமுறையில் மாற்றி எழுதப்பட்டிருப்பதால் உடனே கண்ணில் படாது. இரண்டு மூன்று கடிதங்களில் தேடிப் பார்த்தால் பின்தொடர் புள்ளி ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம்.

‘கிடைத்தது, வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன்’ என்று உரியவரே எழுதும் ஒரு வரியில், எந்தக் கருவியும் தர முடியாத செய்தி இருக்கிறது. அவர் படித்தார், புரிந்துகொண்டார், பொறுப்பை ஏற்றுக்கொண்டார் என்ற மூன்றும் அதில் அடங்கிவிடுகின்றன. அவர் அப்போது எங்கே இருந்தார், விழித்திருந்த நேரம் எது என்ற விவரங்கள் அதில் தேவையில்லை. ‘படித்தாயிற்று’ என்று சொல்லும் உரிமை படித்தவருக்கே உரியது. அதைச் செயலியிடம் விட்டுவிடாமல், இன்றே உங்கள் அமைப்புகளை ஒருமுறை திறந்து பாருங்கள்.